இரை தொடாத விலாங்கு

வளர்ப்பு மீன் கடையில் நீலப் பட்டு நாடாவைப் போல நெளிந்த விலாங்கைப் பார்த்துத் தையல்காரர் சொக்கிப்போனார். வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் அதை விட ஆசை.

கூட வந்த மச்சான் தடுத்தார். "வேணாம் மாப்பிள்ளை. தொட்டியில விட்டா இது இரையே தொடாது. பட்டினியிலயே செத்துடும். அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு?"

தையல்காரருக்கு மனம் இளகிவிட்டது. ஓர் உயிர் பிழைத்ததே என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார்.

மறுவாரம் மச்சான் வீட்டுக்குப் போனால், கூடத்துத் தொட்டியில் அதே விலாங்கு!

"உங்களை எவ்வளவு நம்பினேன் மச்சான்! செத்துடும்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

"உங்ககிட்ட பொய் சொல்வேனா மாப்பிள்ளை?" மச்சான் சிரித்தார். "சாகத்தான் போகுது. முன்னாடி வாங்கின ரெண்டும் அப்படித்தான் போச்சு. இது மூணாவது."

தையல்காரர் ஓர் இறால் துண்டை எடுத்துக்கொண்டு தொட்டியருகே மண்டியிட்டார்.

"ஒரு வாய் சாப்பிடுடா, கண்ணா."