இடைவேளையோடு போனவன்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் டிரில் மாஸ்டர் கோதண்டபாணி. மற்றவர்கள் எல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. விடியற்காலையில் அப்பாவுக்குத் தறியில் கை கொடுத்துவிட்டு, கால்பந்து ஆட மைதானத்துக்கு ஓடுவேன்.

மாஸ்டருக்கு விசில் தேவையே இல்லை. அவர் குரல் ரங்கசாமி குளம் வரைக்கும் கேட்கும்.

"டேய் கண்ணாயிரம், பேருதான் ஆயிரம் கண்ணு. ஒரு கண்ணாலயாவது பந்தைப் பாருடா."

"தறி நாடா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கினு இருந்தா, கோல் எவன்டா போடுவான்? உங்கப்பனா?"

எல்லாரையும்தான் திட்டுவார். கோல்கீப்பர் சாமுவேலை, "ஞாயித்துக்கிழமை முட்டி போடு, சரி. இன்னைக்கு ஏன்டா போடற? எழுந்து பந்தைப் பிடி" என்பார். சாமுவேல் சிரித்துக்கொள்வான். எனக்குச் சிரிப்பு வராது. ஒவ்வொன்றையும் மனதில் வைத்துக்கொள்வேன்.

ஜில்லா ஃபைனல் வாலாஜாபாத் டீமோடு. அப்பா தறியை நிறுத்திவிட்டுப் பார்க்க வந்தார். நான் நன்றாக ஆடினால் படிப்பு தொடரும், இல்லாவிட்டால் தறிதான் என்று பேச்சு.

இடைவேளைக்குள் இரண்டு கோல் போட்டேன்.

எதிர் டீம் மாஸ்டர் என்னிடம் வந்து தோளில் தட்டினார்.

"பிரமாதமா ஆடறே தம்பி. எந்த வருஷம் பொறந்தே?"

"சுதந்திரம் வந்த அன்னைக்குங்க. தெருவெல்லாம் மிட்டாய் குடுத்தாங்களாம். எங்கம்மாவுக்குத்தான் இடுப்பு வலியில திங்க முடியலையாம்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அன்று என்னிடம் அன்பாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. கோதண்டபாணி மாஸ்டர் வேகமாக வந்தார்.

"பனியனைக் கழட்டுடா."

"சார்?"

"காது கேக்கலையா? ரெண்டு கோல் போட்டதும் திமிரு ஏறிடுச்சா? சொன்ன இடத்துல நிக்கத் தெரியாதவன் என் டீமுக்கு வேணாம். இங்க நிக்காதே, நேரா வீட்டுக்கு ஓடு. திங்கக்கிழமை வந்து என்னைப் பாரு."

சொன்ன இடத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மைதானம் முழுக்க என்னையே பார்த்தது. அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "வாத்தியாரே வேணாம்னுட்டாரு. அப்புறம் இன்னாடா?" என்றார்.

திங்கட்கிழமை நான் தறிக்குழியில் உட்கார்ந்தேன். மாஸ்டரைப் பார்க்கப் போகவில்லை. படிப்பு அதோடு சரி.

மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரோடு ஆடி ஜெயித்தார்களாம். கோப்பையோடு எடுத்த போட்டோவில் நான் இல்லை.

பதினைந்து வருஷம் போயிற்று. 1979இல், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வரும் அத்தி வரதரைச் சேவிக்க வரிசையில் நின்றேன். ஒரு போலீஸ்காரன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். பார்த்தால் சாமுவேல்.

"போன மாசம் நம்ம மாஸ்டர் ரிட்டயர் ஆனாருடா. பார்ட்டியில உன்னை விசாரிச்சாரு."

"எதுக்கு? இன்னும் திட்டு மிச்சம் இருக்குதாமா?"

சாமுவேல் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு உன்னை ஏன் தொரத்துனாருன்னு தெரியுமா?"

"அதைத்தான் பதினைஞ்சு வருஷமா யோசிச்சுக்கினு இருக்கறேன்."

"வாலாஜாபாத் மாஸ்டர்கிட்ட நீ பொறந்த வருஷத்தைச் சொன்னே இல்ல? அதைத் தாள்ல எழுதிக்கினு நேரா கமிட்டிக்குப் போனாருடா அந்த ஆளு. போட்டி பதினாறு வயசுக்குள்ள. நீ சொன்ன கணக்குக்குப் பதினேழு ஆவுது."

பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் எனக்குப் பதினைந்துதான். எங்கள் தெருவில் பிள்ளைகளைத் தறியில் இரண்டு வருஷம் பழக்கிய பிறகே பள்ளியில் சேர்ப்பார்கள். அந்த இரண்டு வருஷத்தைக் குறைத்துச் சொல்வார்கள். வாத்தியாரும் ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிக்கொள்வார். தெருப் பையன்கள் எல்லாரும் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான்.

"கமிட்டி வந்து கேட்டிருந்தா நீ அதையேதான் சொல்லியிருப்பே. பொய் வயசுன்னு பள்ளிக்கூடத்துலயே உன் பேரை அடிச்சிருப்பாங்க. அவங்க வந்தப்போ, 'அடங்காத பையன், தொரத்திட்டேன், இங்க இல்ல'ன்னு சொல்லிட்டாரு மாஸ்டர்."

"என் காதுல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா போயிருப்பியா? எங்கம்மா பொய்யா சொல்லும்னு அங்கியே சண்டைக்கு நின்னிருப்பே."

உண்மைதான். நின்றிருப்பேன்.

"திங்கக்கிழமை எல்லாத்தையும் சொல்லலாம்னு இருந்தாராம். நீதான் வரல. உன் படிப்பு கெடக்கூடாதுன்னுதான்டா அன்னைக்கு அந்தத் திட்டு திட்டினாரு. ஒருவாட்டி போய்ப் பாருடா."

திரும்ப வரிசையில் நின்றேன். வரதரை எப்படிச் சேவித்தேன் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. படிப்பைக் காப்பாற்றத்தான் விரட்டினார். விரட்டியதால்தான் படிப்பு போனது. நான் போய் நன்றி சொல்வதா, நியாயம் கேட்பதா? இன்றுவரை குழப்பம்தான். போகவே இல்லை.

ஆனால் ஒன்று. பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நானூறு அடிதான். ஊருக்கே கேட்கும்படி திட்டத் தெரிந்த மனுஷர், அந்த நானூறு அடி நடந்து வந்து என் அப்பாவிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.