கோபி கணக்கு

“கிரீன் கார்டைத் திருப்பிக் குடுத்துட்டு ஃபிளைட் ஏறினாப் போதும்னு நெனச்சீங்களா சார்? அது என்ன லைப்ரரி கார்டா?”

கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார் பிச்சுமணி. ஐசலினில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய டாக்ஸ் ஆபீஸ். எதிரே உட்கார்ந்திருந்த மயில்சாமிக்கு எழுபது வயதிருக்கும். கூடவே ஓவியா என்றொரு பெண். பார்சிப்பனியிலிருந்து பெரியவரைக் காரில் கூட்டி வந்தவள் அவள்தான்.

“தெரியாமத்தானுங்க உங்ககிட்ட வந்திருக்கறோம்” என்றார் மயில்சாமி. “சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. ஊர்ல, கோபியில தம்பி ஒண்டியாக் கெடக்கறான். இனி அவங்கூட இருக்கலாம்னு பாக்கறேன். இந்த நாடு என்னை நல்லா வெச்சிருந்துதுங்க. போறப்ப ஒரு குறையும் வைக்காமப் போகோணும்.”

“பையன் வரலையா?”

“தீபக்குக்கு ஆபீஸுங்க. அம்மிணிதான் லீவ் போட்டுக் கூட்டிட்டு வந்துச்சு.”

பிச்சுமணி தலையாட்டினார். பிறகு நிதானமாக விளக்கினார்.

“எட்டு வருஷத்துக்கு மேல கார்டு வெச்சிருந்தவர் நீங்க. அதனால போற வருஷத்துக்கு டாக்ஸ் ஃபைல் பண்றப்போ கூடவே இன்னொரு ஃபார்மும் குடுக்கணும். கடைசி அஞ்சு வருஷமும் எல்லாம் ஒழுங்காப் பண்ணியிருக்கேன்னு அதுல உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடணும். அதுல கோட்டை விட்டா நீங்க ஊருக்குப் போனாலும் விடாது. நாளைக்கு உங்க பையனுக்கு நீங்க ஏதாவது குடுத்தாக்கூட, வரி அவர் தலையில விழும்.”

அவர் முடிப்பதற்குள் ஓவியா அஞ்சு வருஷ டாக்ஸ் ஃபைலிங் காப்பிகளையும் எடுத்து மேஜையில் அடுக்கிவிட்டாள். “எல்லாம் ஆர்டர்ல இருக்கு சார். அங்கிள் அடுத்த மாசம் கிளம்பறதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

அங்கிளாம்! பிச்சுமணிக்குச் சுருக்கென்றது. மாமனாரை மாமா என்று கூப்பிட்டால் வாய் வலிக்குமோ? அவரை ஊருக்கு வழியனுப்பத்தான் எத்தனை சுறுசுறுப்பு! இப்படி எத்தனையோ மருமகள்களை அந்த நாற்காலியில் பார்த்தவர் அவர். பொட்டி கட்டுவதில் காட்டும் அக்கறையைச் சோறு போடுவதில் காட்டியிருந்தால் இந்த மனுஷன் ஏன் கிளம்பப் போகிறார் என்று மனசுக்குள் பொருமினார்.

“இந்தியாவுல இருக்கற பேங்க் அக்கவுண்ட் எதுவும் விட்டுப் போகலையே?”

“இல்ல சார், எல்லாமே இதுல...” என்று ஓவியா ஆரம்பித்தாள்.

“ஒண்ணு இருக்குதுங்க” என்றார் மயில்சாமி.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“கோபியில தம்பியோட அக்கவுண்ட். அவனுக்கு ஒடம்புக்கு முடியாமப் போனா பணம் எடுக்க ஆள் வேணும்னு என் பேரையும் சேர்த்து வெச்சிருக்கான். பணமெல்லாம் அவந்துதானுங்க. ஆனா என் பேரும் இருக்குதுங்களே, அதையும் சொல்லோணுங்களா?”

பிச்சுமணி தலையில் கைவைத்துக்கொண்டார். “ஜாயிண்ட் அக்கவுண்ட்! நம்மாளுங்க எல்லாரும் இங்கதான் வந்து மாட்டறாங்க. பணம் யாரோடதா இருந்தா என்ன, பேர் உங்களுது ஆச்சே! கோபியிலிருந்து ஸ்டேட்மெண்ட் வரவழைச்சு, பழைய வருஷத்தையெல்லாம் திருத்தணும். அதை முடிச்சுட்டுக் கிளம்பறதுதான் நல்லது. அடுத்த மாசமெல்லாம் நடக்காது.” பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: “ஏன் சார், நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

“எனக்குத் தெரியுமேங்க” என்றார் பெரியவர்.

ஓவியாவின் முகம் இப்போது கடுகடுக்கும் என்று ஓரக்கண்ணால் பார்த்தார் பிச்சுமணி. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் ஈரம் வேறு.

“திருத்திடலாம் சார். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுக்கறோம். எத்தனை தடவை வரணும்னாலும் நான் கூட்டிட்டு வர்றேன்.”

“உனக்கு ரொம்பத்தான் தொந்தரவு குடுக்கறேன் அம்மிணி” என்றார் மயில்சாமி. பிறகு பிச்சுமணியிடம், “ஆஸ்பத்திரின்னாலும் சரி, கோயில்னாலும் சரி, எனக்கு இந்தப் பொண்ணுதானுங்க. நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ” என்று சொல்லிவிட்டு, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுந்து போனார்.

பிச்சுமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் பெண்ணைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

“மன்னிச்சுக்கம்மா, உன்னை நான் வேற மாதிரி நெனச்சுட்டேன். இப்படி ஒரு மருமக கிடைக்க அவர் குடுத்து வெச்சிருக்கணும்” என்றபடி பேனாவை எடுத்தார். “அவர் போனப்புறம் இங்க யாரைக் கான்டாக்ட் பண்றது? உன் பேரை எழுதி, மருமகள்னு போட்டுக்கறேன்.”

“பேரை எழுதிக்குங்க சார். ஆனா நான் அவர் மருமக இல்ல.”

பேனா நின்றது.

“என் ஹஸ்பெண்ட் பேர் கவின். கல்யாணமாகி இங்க வந்தப்புறம்தான் அங்கிளும் பார்சிப்பனியிலயே இருக்கார்னு தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்திருக்கேன். தீபக்குக்கு என்னைப் பொண்ணு பார்க்க ஈரோட்டுக்கு வந்தாங்க. எல்லாருக்கும் பிடிச்சுப் போயி, அப்பா அன்னைக்கே தேதி குறிக்கக் கிளம்பிட்டார். வாசல்ல செருப்பு மாட்டற சாக்குல அங்கிள் மட்டும் பின்தங்கி, ‘என்ற பையன் அங்க ஒரு பொண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டான், அவங்கம்மாவுக்குப் பயந்து மறைக்கறான், நீயே வேண்டாம்னு சொல்லிடு அம்மிணி’ன்னார்.”

பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஓவியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவர் சொல்லாம இருந்திருந்தா எனக்கு எப்படி சார் தெரிஞ்சிருக்கும்?”