வாசலில் நின்று கத்துகிறவன்

"உட்காருடா மெர்வின். எங்களுக்கும் கண்ணு இருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். கத்தவில்லை. மனநல வார்டில் கத்தினால் கோப்பில் ஏறும். எனக்கு நாளைக்கு வீடு. ஏன் வம்பு?

அவன் எங்கே கேட்டான்! டிவி அறை வாசலில் நின்றான். உடம்பு பாதி உள்ளே, பாதி வராந்தாவில்.

ஐஸ் ஹாக்கி. எங்கள் வின்னிபெக் டீம். மூன்றுக்கு மூன்று. டிவியில் வர்ணனை சொல்ல ஒருத்தன் இருக்கிறான். போதாதென்று இவன் வேறு.

"பெனுவா வாங்கிட்டான்! இடது பக்கம் வர்றான்! அடிச்சான்... அய்யோ, கம்பியில பட்டு வெளியே போயிடுச்சு!"

மெர்வின் லாரி ஓட்டுகிறவன். தூக்கமே இல்லாமல் ராப்பகலாக ஓட்டி, ஓயாமல் பேசி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தான். மருந்தில் இப்போதுதான் குரல் இறங்கியிருந்தது. இன்றைக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

நர்ஸ் பெவர்லி ஓடி வந்தாள்.

"மெர்வின், மெதுவாப்பா! டாக்டர் வர்ற நேரம். அமைதியா இருந்தா இன்னிக்கே வீடு. உன் பெண்டாட்டி ஷெர்லி கீழே வண்டியில காத்திருக்கா. நாயும் வந்திருக்கு."

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வண்டிக்கு வெளியே நாயின் தலை.

மெர்வினும் பார்த்தான். சரி, அடங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"பறிச்சிட்டாங்க! நம்ம கோல் பக்கம் வர்றாங்க! தடுத்துட்டான், தடுத்துட்டான்!"

"நேத்து வாங்கின குத்துல இருந்த மூளையும் கலங்கிடுச்சு," என்றாள் பக்கத்து நாற்காலி டோரின்.

சிரித்தோம். அவன் இடது கண் நீலமாக வீங்கியிருந்தது. புதிதாக வந்த டிராவிஸ், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று மிரண்டு விட்ட குத்து. டிராவிஸை வராந்தாக் கோடியில் தனி அறையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

கூடுதல் நேரம். இனி முதல் கோல் போடுகிறவன் ஜெயித்தான்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார்.

"எப்படி இருக்கீங்க மெர்வின்?"

"ஒரு நிமிஷம் டாக்டர், ஆட்டம் முடியட்டும்! பெனுவா, ஓடு! ஓடுறான், ஓடுறான்!"

டாக்டர் கோப்பைத் திறந்தார்.

"படபடப்பு அடங்கலை. குரலும் ஏறிக்கிட்டே போகுது. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்."

"டாக்டர், அது வந்து..."

"ரூமுக்குப் போய் ஓய்வெடுங்க."

பெவர்லி கையைப் பிடித்து அழைத்துப் போனாள். திரும்பித் திரும்பி டிவியைப் பார்த்துக்கொண்டே போனான்.

"அப்பாடா," என்றேன். "இனி நிம்மதியா பார்க்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை. கோல்! அறையே எழுந்து குதித்தது.

வராந்தாக் கோடியில் படபடவென்று கதவு அதிர்ந்தது. பூட்டிய அறை.

"மெர்வின்! ஏன் நிறுத்திட்ட? கோல் விழுந்துச்சா? யாரு போட்டது? சொல்லுய்யா!"

டிராவிஸ்.

டாக்டரின் பேனா நின்றது.

நான் எழுந்தேன். வாசலுக்குப் போனேன். உடம்பு பாதி உள்ளே, பாதி வராந்தாவில்.

"பெனுவாடா!" தொண்டை கிழியக் கத்தினேன். "நாம ஜெயிச்சிட்டோம்டா!"

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்க டாக்டர்," என்றேன். "இந்தக் கிழவனுக்கும் குரல் ஏறிப்போச்சு."