ஒரே ஒரு கட்டில்

"சார், கெஞ்சிக் கேக்கறேன். தரையில மெத்தை போட்டாக்கூடப் போதும். ஒரே ஒரு ஆளுக்குத்தான்!"

கூடத்தில் நாத்தனார்களும் பிள்ளைகுட்டிகளும் மருமகள் முகத்தையே பார்த்தார்கள். தீம் பார்க் வாசலிலேயே ஓட்டல், மாமனாருக்குக் கீழ்த்தள அறை, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் என்று எல்லாம் அவள் அலைந்து பிடித்தது.

கலங்கிய கண்களோடு போனை வைத்தாள்.

"ஒரு கட்டில் குறையுது அத்தை. நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் வீட்டுலயே கிடக்கறேன்."

மாமியார் உருகிப்போனார்.

"உன்னை விட்டுட்டா? யாருமே போக வேணாம்மா. லீவு முழுக்க எல்லாரும் இங்கேயே இருந்து, உன் கையால சாப்பிடறோம்!"

"ஐயோ அத்தை, இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்!"

இந்த முறை உண்மையாகவே ஓட்டல் நம்பரை அழுத்தினாள்.