அச்சுக்கு வராத உத்தரவு

கபருங்கி அடித்து வைத்திருந்த உத்தரவைத் திரை விழுங்கிவிட்டது.

மூலையில் இருந்த சின்னக் கோட்டைத் தொட்டாள், அவ்வளவுதான். எழுத்து மொத்தமும் போய் வெறும் நிறம் மட்டும் மிஞ்சியது. கீழே தேடினாள். நீதிமன்றத் தட்டச்சு வேலையில் பதினான்கு வருடமாக, காணாமல் போனதெல்லாம் திரையின் அடிப்பட்டையில்தான் வந்து உட்காரும். இந்தப் புதியதில் அடிப்பட்டையே இல்லை.

புதன்கிழமை தலைநகர் கம்பாலாவிலிருந்து இரண்டு பேர் வந்து, நீதிமன்றக் கணினிகளில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் ஒன்றுதான், இரண்டு நாளில் பழகிவிடும் என்றார்கள்.

இன்று வெள்ளி. மணி இரண்டரை. மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் ஹொய்மாவுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் உத்தரவில் அவர் கையெழுத்து விழ வேண்டும்.

உத்தரவுக்கு உரியவன் அவள் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெயர் புசிங்கே. சந்தையில் கணினி பழுது பார்க்கிறவன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மடிக்கணினிகள் காணாமல் போக, கடைசியாக அவற்றைத் திறந்தவன் என்று பிடித்து வந்திருந்தார்கள். அவனுடைய ஜாமீன் மனுவைக் காலையில் விசாரித்த மாஜிஸ்திரேட், கையால் எழுதிய முடிவை மன்றத்தில் வாசிக்காமல் நேராக அவள் மேசைக்கு அனுப்பியிருந்தார். லாக்கப்பின் கூரையைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்ததால், அவனது இடது கையைப் பெஞ்சின் காலோடு விலங்கிட்டுவிட்டுக் கான்ஸ்டபிள் ஓடோங் காவலுக்கு நின்றான்.

கபருங்கி மவுஸை அங்குமிங்கும் இழுத்தாள். விசைப்பலகையைப் பார்க்காமலே தீர்ப்பு அடிப்பாள் என்று பேர் வாங்கியவள்.

"அம்மா, அடிச்சது காணாமப் போச்சா?" என்றான் புசிங்கே.

"நீ சும்மா இரு. உன் கண்ணு பட்டாலே கம்ப்யூட்டர் காணாமப் போகுது," என்றான் ஓடோங்.

புசிங்கேயே சிரித்துவிட்டான். பிறகு, "உங்க எம்பாக்கோ என்னம்மா?" என்று கேட்டான்.

எம்பாக்கோவைக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தச் செல்லப் பெயரால் ஒருமுறை அழைத்துவிட்டால், அழைத்தவன் வேற்றாள் இல்லை.

"அகீகி," என்றாள், திரும்பாமலே.

"அகீகி, இடது ஓரத்துல படங்க வரிசையா நிக்குதா? எதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு புள்ளி இருக்கு, பாருங்க. அதை அமுக்குங்க."

அமுக்கினாள். உத்தரவு வந்து நின்றது, ஒரு எழுத்தும் குறையாமல்.

விரல்கள் தாமாகவே அச்சுக்குக் கொடுத்தன. அச்சுப்பொறி அசையவில்லை. மறுபடி கொடுத்தாள். மறுபடியும்.

"பட்டியல்ல என்ன பேரு காட்டுது?"

"பிரிண்டர் பேரே இல்ல. ஃபைலுக்கு பிரிண்ட்னு ஒண்ணுதான் இருக்கு."

"அது தாளுக்கு வராது அகீகி. உள்ளேயே மடிச்சு வச்சுக்கும். மூணு தடவை தட்டினீங்கல்ல? மூணு உத்தரவு உள்ள தூங்குது." அவன் எழுந்தான். சங்கிலி இழுத்தது. "சார், கொஞ்சம் அவுத்து விடுங்க. ஒரு நிமிஷத்துல போட்டுத் தந்துடறேன்."

ஓடோங் அவளைப் பார்த்தான்.

"வேணாம்!" அவள் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "நீ அங்கேயே இருந்து சொல்லு."

அவன் சொன்னான். அவள் தேடினாள். அமைப்புகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. பல்சக்கரம் போல ஒரு படம் என்றான். சக்கரம் கிடைத்தது, உள்ளே அச்சுப்பொறி கிடைக்கவில்லை. இன்னும் கீழே, இன்னும் கீழே என்றான். கடவுச்சொல் கேட்டது. கம்பாலாக்காரர்கள் எழுதிக் கொடுத்த சீட்டை இழுப்பறையில் துழாவி எடுத்துப் போட்டாள், தப்பு என்றது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்துப் போடுங்கள் என்றான். அடுத்த தடவை ஏற்றுக்கொண்டது. திரையில் தெரிந்த ஒவ்வொரு சொல்லையும் அவனுக்கு வாசித்துக் காட்டினாள், உத்தரவைத் தவிர.

இரண்டு ஐம்பதுக்கு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எனக்கு வரல தம்பி. திங்கட்கிழமை பாத்துக்கலாம். அவங்களையே கூப்பிட்டுக்கலாம்."

"திங்கட்கிழமையா? ஐயோ அகீகி, என் பொண்டாட்டி வெளிய மாமரத்தடியில உக்காந்திருக்கா. போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போக துவைச்ச சட்டை கொண்டாந்திருக்கா. இன்னும் ரெண்டே அமுக்குதான். விட்டுடாதீங்க."

அவள் மறுபடி மவுஸைப் பிடித்தாள். சன்னல் வழியே மாமரம் தெரியும். பார்க்கவில்லை.

'சேர்' என்பதை அமுக்கச் சொன்னான். அமுக்கினாள். அச்சுப்பொறியின் பெயர் வந்தது. அதையும் அமுக்கச் சொன்னான். அமுக்கிவிட்டு, உத்தரவை மறுபடி அச்சுக்குக் கொடுத்தாள்.

இயந்திரம் இருமியது. தாளை இழுத்தது.

"வந்துருச்சு!" புசிங்கே சும்மா இருந்த கையால் தொடையில் தட்டினான். ஓடோங்குக்கும் சிரிப்பு வந்தது. "இவ்வளவுதான் அகீகி. இனிமே நீங்க யாரையும் கேக்க வேணாம்."

சூடு ஆறாத தாளை எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மாஜிஸ்திரேட்டின் அறைக்குப் போனாள். அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கார் சாவியைத் தேடினார்.

திரும்பி வந்தபோது புசிங்கே கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் கையைத் தாண்டிப் போய் ஓடோங்கிடம் கொடுத்தாள்.

ஓடோங் படித்தான். விலங்குச் சாவிக்காகச் சட்டைப்பையில் விட்டிருந்த கையை வெறுமனே வெளியே எடுத்தான்.

"என்ன சார், அச்சுல ஏதாவது தப்பா வந்திருக்கா?"

தப்பு ஒன்றும் இல்லை. 'ஜாமீன் மறுக்கப்படுகிறது' என்ற வரியைக் கபருங்கி பன்னிரண்டு மணிக்கே அடித்து, இரண்டு முறை சரிபார்த்திருந்தாள்.