கவுன்சிலர் வாயைத் திறக்கவில்லை

"அந்த ஆளு சாகுற வரைக்கும் திருந்த மாட்டார்னு நினைச்சேன். பரவாயில்லை, இந்த வருஷம் வாயைத் திறக்கலை," என்றாள் மேவிஸ், டிக்கெட் ஜன்னலைத் திறந்தபடி.

அந்த ஆளு, கவுன்சிலர் ஹார்கிரீவ்ஸ். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்தால் போதும், "அந்த நாடகக் கொட்டகையை இடிச்சுட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணுங்க" என்று ஆல்டர்பி நகர மன்றத்தில் எழுந்து நின்றுவிடுவார். ஓட்டுக்கு விட்டால் ஒருத்தரும் கை தூக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் மறுபடி எழுந்து நிற்பார்.

நாடகத்தை எழுதி நடத்துகிற மேவிஸும் சும்மா விடுகிறவள் இல்லை. வில்லன் எவனாக இருந்தாலும் சரி, ஹார்கிரீவ்ஸின் மஞ்சள் மஃப்ளரையும் முறுக்கு மீசையையும் மாட்டிவிடுவாள். வில்லன் தலை தெரிந்ததும் பின்வரிசை இருட்டில் யாரோ ஊளையை ஆரம்பித்து வைப்பார்கள். அப்புறம் கூட்டம் மொத்தமும் ஊளையிடும்.

"அவர் வாயைத் திறக்கலை, சரி. ஜனங்க பர்ஸைத் திறக்கலையே," என்றான் லென். கறிக்கடைக்காரன், வருஷா வருஷம் அவன்தான் வில்லன். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒத்திகைக்குத் தயாராக நின்றான். "பாதி நாற்காலி காலி. இந்தத் தடவை கூட்டம் வரலைன்னா கொட்டகைக்குப் பூட்டுதான்னு மேயர் சொல்லிட்டாரு."

இந்தக் கொட்டகையை விட்டால் மேவிஸுக்கு வேறு என்ன இருக்கிறது?

அப்போது குடையை உதறிக்கொண்டு எட்னா உள்ளே வந்தாள். ஹார்கிரீவ்ஸின் மனைவி.

"வாங்க. உங்க வீட்டுக்காரர் இந்த வருஷம் இடிக்க மறந்துட்டாரா? இல்ல, காலியாக் கிடக்கிற அழகைப் பார்த்துட்டு வரச் சொன்னாரா?"

எட்னா கோபப்படவில்லை. "அவருக்குத் தொண்டை கட்டிடுச்சும்மா. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க டிக்கெட் போகலைன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து மனுஷன் சரியாச் சாப்பிடலை."

"எதுக்கு, சந்தோஷத்துலயா?"

"நீங்க வேற." எட்னா குரலைத் தாழ்த்தினாள். "அவர் இடிக்கணும்னு சொன்னாத்தானே ஊருக்கு ரோஷம் வருது? அந்த ரோஷத்துலதானே டிக்கெட் போகுது? அதனால அவர் சொன்னதா நீங்களே நாலு பேர் காதுல போட்டுடுங்க. பன்னி அடைக்கிற இடம்னு திட்டினார்னு சொல்லுங்க. போன வருஷம் அப்படிச் சொன்னதுலதான் நல்ல கூட்டமாம்."

லென் மெதுவாக மஃப்ளரைக் கழற்றப் போனான்.

"அட, இருக்கட்டும். அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றபடி எட்னா பர்ஸைத் திறந்தாள். "எப்பவும் போல பின்வரிசையில ரெண்டு டிக்கெட். விளக்கை அணைச்சதும் வந்து உட்கார்ந்துக்கறோம். ஊளையை ஆரம்பிச்சு வைக்க மட்டும் இந்த வருஷம் வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லி எழுதிக் காட்டினார்."