மேல் மூலையில் ஒரு பெயர்

“கலைமதி, அந்தப் படத்துல என் பேரு தெரியுதேம்மா...”

கோதண்டபாணி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவள் பதில் சொன்னாள்.

“தெரியணும் சார். தப்பா ஏத்துனவங்க பேரோடதான் காட்டணும்னு அதிகாரி சொல்லிட்டாரு. பேரை வெட்டினா விட மாட்டாரு.”

திண்டிவனத்தில் விதைக் கிடங்கு அவர் பொறுப்பு. போன மாதம், நாற்பது மூட்டை மல்லாட்டை விதையை, அதாவது நிலக்கடலையை, நாலாயிரம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். மறுநாளே அவரே திருத்தியும் விட்டார். ஆனால் அதற்குள் அந்தத் தப்பை அவள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நாலாயிரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டு வைத்திருந்தாள்.

நாளை விழுப்புரத்தில் மாவட்டக் கூட்டம். இப்படிப்பட்ட தப்புகளைத் திரையில் காட்டி அவள்தான் பாடம் நடத்தப் போகிறாள். பழகிய முகங்களே நூறு இருக்கும். ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம்.

பழி வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், “பட்டனைத் தட்டிக்கினு இருக்கிறதெல்லாம் ஒரு வேலையா?” என்று எல்லோர் முன்பும் கேட்டவர் அவர்தான்.

மறுநாள் பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அதே கூட்டத்துக்கு வந்த பக்கத்து சீட் சின்னக்கண்ணு சிரித்தார். “இன்னிக்கு எவன் மாட்டப் போறானோ, சிவப்பு வட்டத்துக்குள்ள!”

கோதண்டபாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் விளக்கை அணைத்தார்கள். திரையில் படம் விழுந்தது. அவர் தலை தானாகக் குனிந்தது.

“நாலாயிரம் மூட்டையா! கிடங்கு தாங்குமாய்யா?” என்று யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது.

“யாரும்மா அந்தப் புண்ணியவான்?” என்றார் அதிகாரி.

“நான்தான் சார். மேல பேரு போட்டிருக்குதே.” கலைமதியின் குரல்.

“பாடம் நடத்த வந்த நீயேவா?”

“கை ஜல்தியாப் போயிடுச்சு சார். ரெண்டு பூஜ்யம் கூடிப்போச்சு.”

சிரிப்பு இரண்டு மடங்கானது. கோதண்டபாணி மெல்ல நிமிர்ந்தார். மேல் மூலையில் கலைமதி என்றுதான் இருந்தது. கீழ் மூலையில் கம்ப்யூட்டரின் கடிகாரம். போன மாதத் தேதி இல்லை; இன்றைய தேதி, காலை ஏழு பத்து.

“சரி, சரியா ஏத்தினது எங்க?”

அடுத்த படம் விழுந்தது. நாற்பது மூட்டை. சுற்றிலும் பச்சை வட்டம். மேலே கோதண்டபாணியின் பெயர்.

“இது எங்க கோதண்டபாணி சார் ஏத்தினது,” என்றாள் கலைமதி. “பட்டனைத் தட்டறதுல இவரை அடிச்சிக்க எங்க ஆபீஸ்ல ஆளே இல்ல.”